மாப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டார்

அன்புள்ள மார்க் கன்சுவேலோஸ் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் உங்கள் கண்ணில் படப்போவதில்லை. பட்டாலும் உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2023 ஏப்ரல் 17, திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஏழாம் சேனலில் ‘லைவ்’ என்கிற காலை அரட்டை நிகழ்ச்சியைப் போட்டுவிட்டுக் காபி டம்ளருடன் சோபாவில் உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் அதன் தொகுப்பாளர்களில் ஒருவரான ரயன் சீக்ரெஸ்ட் விடைபெற்றுப் போயிருந்தார். அவர் இருந்த இடத்தில் நீங்கள். பக்கத்தில் உங்கள் மனைவி கெல்லி ரிப்பா. ஐந்து நிமிடம் பார்த்திருப்பேன். டிவியை அணைத்துவிட்டு அடுக்களைக்குப் போய், மாலைச் சமையலுக்கு வைத்திருந்த கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து ஆயத் தொடங்கினேன். காலை ஒன்பதே காலுக்குக் கொத்தமல்லி ஆய்கிற அவசரம் எந்த வீட்டிலும் கிடையாது.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பார்க்க லட்சணமாக இருக்கிறீர்கள். பேச்சிலும் தடுமாற்றமில்லை. ஆனாலும் ஏதோ உறுத்தியது. அது என்னவென்று எனக்கே பிடிபட மாதக்கணக்கில் ஆயிற்று.

நான் 2000 செப்டம்பரில் கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தவள். கணவர் ஏழரை மணி ரயிலைப் பிடித்தால் திரும்ப மாலை ஆறரை ஆகும். என் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது; கார் ஓட்டவும் அப்போது தெரியாது. வீட்டில் வாய் திறந்து பேசுகிற ஒரே ஜீவன் டிவிதான். அதில் இதே நிகழ்ச்சியை அப்போது நடத்திய ரீஜிஸ் ஃபில்பின் என்கிற 69 வயதுக்காரர் தினமும் காலையில் எதையாவது சொல்லிச் சலித்துக்கொண்டிருந்தார். முதல் பதினைந்து இருபது நிமிடத்துக்கு எழுதிவைத்த வசனம் எதுவும் இல்லை. நேற்று ராத்திரி எந்த ஓட்டலில் சாப்பிட்டார், பேப்பரில் என்ன போட்டிருக்கிறான், மனைவி ஜாய் என்ன சொன்னார், இவ்வளவுதான் விஷயம். எங்கள் மாமா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து இப்படித்தான் பேசுவார். அவர் பேசியது மதுரைத் தமிழ், இவர் பேசியது நியூயார்க் இங்கிலீஷ், சலிப்பு ஒன்றுதான். எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை என்றாலும் பெரிய ஆறுதலாக இருந்தது.

ரீஜிஸுடன் 15 ஆண்டு இருந்த கேத்தி லீ கிஃபர்ட் அந்த ஜூலையில்தான் விலகியிருந்தார். காலி இடத்துக்கு நாளுக்கொருவராக வந்து போனார்கள். பெண் பார்க்கும் படலம் மாதிரி நடந்தது அது. நவம்பரில் ஒரு நாள் உங்கள் மனைவி வந்தார். சின்ன உருவம், மஞ்சள் முடி, படபடவென்று பேச்சு. அன்றைக்கு விருந்தினராகக் குறி சொல்கிற பெண்மணி ஒருவர் வந்திருந்தார். அவர் கெல்லியைப் பார்த்து, நீங்கள் கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று நேரலையிலேயே கேட்டுவிட்டார். கெல்லிக்கு முகம் போன போக்கு! இன்னும் என் முதலாளிகளிடமே சொல்லவில்லையே என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தார். என் அரைகுறை இங்கிலீஷுக்கும் அது புரிந்துவிட்டது. சோபாவில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்தபின் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கவனித்தீர்களா, மார்க்? கெல்லி அந்த வேலைக்கு வருவதற்கு முன்பே உங்கள் வீட்டுச் சேதி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

2001 பிப்ரவரி 5 அன்று அவர்தான் என்று அறிவித்தார்கள். எங்கள் அபார்ட்மெண்டின் அடித்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் அறை ஒன்று உண்டு. காசு போட்டால் ஓடும் மெஷின்கள். கீழ்வீட்டு அமெரிக்கப் பாட்டி ஒருவர் 25 சென்ட் காசுகளைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டு எடுத்துவருவார். அந்த வாரம் அவர் பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கிப் பொரிந்து தள்ளினார். மத்தியான சீரியலில் அழுகிற பெண்ணுக்கு ரீஜிஸ் பக்கத்தில் என்ன வேலை? முப்பது வயதுக்காரிக்கு என்ன தெரியும்? கேத்தி லீ இருந்த இடமாயிற்றே! அந்த கேத்தி லீ இருந்த காலத்தில், எப்போது பார்த்தாலும் பிள்ளைப் புராணம் பாடுகிறாள் என்று திட்டியதும் தான்தான் என்பதை அதே மூச்சில் அவரே சொன்னார். வெட்கமே படவில்லை. கோடை வந்தபோது கெல்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாட்டி மாடியேறி வந்து எங்கள் கதவைத் தட்டி அதைச் சொல்லிவிட்டுப் போனார், சொந்தப் பேத்தி பிறந்த மாதிரி.

ஆகவே புதிதாக வருகிறவரை ஏசுவது இந்த நிகழ்ச்சியில் சம்பிரதாயம். ரீஜிஸ் 2011 நவம்பரில் போனபின் மாதக்கணக்கில் ஆள் மாற்றி ஆள் உட்கார வைத்துப் பார்த்து, 2012 செப்டம்பரில் மைக்கேல் ஸ்ட்ரேஹனைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கக் கால்பந்து ஆடியவருக்குக் காலைக் காபிப் பேச்சு வருமா என்றார்கள். ஆறடியைத் தாண்டிய ஆள், முன்பல்லில் இடைவெளி, அப்படி ஒரு சிரிப்பு. கேள்வி ஒரே வாரத்தில் அடங்கிவிட்டது. 2016இல் அவர் வேறு நிகழ்ச்சிக்குப் போகிற சேதியைக் கெல்லிக்குக் கடைசி நேரத்தில்தான் சொன்னார்களாம். கெல்லி சில நாள் வரவே இல்லை. திரும்பி வந்து, 26 ஆண்டு இந்த நிறுவனத்தில் உழைத்தவள் நான் என்று தொடங்கி, வேலை செய்யும் இடத்தில் மரியாதை வேண்டும் என்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு நான் அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டிருந்தேன். அப்புறம் 2017 மே முதல் தேதி ரயன். அது உங்கள் கல்யாண நாள் என்பதும் எங்களுக்குத் தெரியும். 1996இல் லாஸ் வேகஸுக்குப் போய்ச் சத்தமில்லாமல் முடித்துக்கொண்ட கல்யாணம்.

இவையெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? கெல்லி சொல்லித்தான். இருபத்திரண்டு ஆண்டாக அவர் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். முதலில் ரீஜிஸிடம், பிறகு ஸ்ட்ரேஹனிடம், பிறகு ரயனிடம். நீங்கள் தூரத்தில் வான்கூவரில் படப்பிடிப்பில் இருப்பீர்கள். இங்கே உங்கள் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். கெல்லி ஏதாவது ஏடாகூடமாகச் சொல்வார். கல்யாணமாகாத ரயன் கூச்சத்தில் நெளிவார். அந்த நெளிவில்தான் நாங்கள் இருந்தோம், மார்க். ரீஜிஸின் உறுமலிலும் நாங்கள் இருந்தோம். எதிரே உட்கார்ந்து கேட்டவர் எங்கள் சார்பில் அனுப்பிவைத்த ஆள்.

இப்போது நீங்களே வந்து எதிரே உட்கார்ந்துவிட்டீர்கள். யாரைப் பற்றிப் பேச்சோ அவரே பக்கத்தில் இருந்தால் அதற்குப் புறணி என்று பெயரில்லை. பேசுவதும் கேட்பதும் வீட்டுக்காரர்கள் என்றானபின் நாங்கள் சன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறவர்களாகிவிட்டோம். முதல் நாள் என்னைக் கொத்தமல்லியிடம் துரத்தியது இந்தச் சங்கடம்தான். புதிதாகக் கல்யாணமான தம்பதி இருக்கும் அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டால் வருமே, அது.

மற்றவர்கள் வேறு காரணங்கள் சொல்கிறார்கள். புருஷனுக்கே வேலை போட்டுக்கொடுத்துவிட்டார் என்பது ஒன்று. இது எனக்கு ஏற்பில்லை. நீங்கள் சந்தித்ததே வேலை செய்த இடத்தில், அதே மத்தியான சீரியலில், காமிரா முன்னால். இந்த நிகழ்ச்சியிலும் யாராவது லீவு போட்டால் எத்தனையோ தடவை வந்து சமாளித்தவர்தான் நீங்கள். அந்தரங்கம் அதிகம் என்பது இன்னொன்று. ரயனிடம் சொன்னபோது இதே அந்தரங்கத்துக்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேட்கிற முகம் மாறியதுதான் குறை, சொல்கிற விஷயம் மாறவில்லை. கொஞ்சுவதைப் பார்க்கவே நன்றாயிருக்கிறது என்று சொல்கிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் பாக்கியசாலிகள்.

ரீஜிஸ் காலத்திலும் மனைவி ஜாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுண்டு. ஆனால் ஒரு நாள், இரண்டு நாள். மறுநாள் ரீஜிஸ் வேறொருவரிடம் ஜாயைப் பற்றி மறுபடி முறையிடத் தொடங்கிவிடுவார். பெரிய கெட்டிக்காரர் அவர்.

நான் மறுபடி பார்க்க ஆரம்பித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பல் மருத்துவரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது; மாற்ற ரிமோட் இல்லை. எங்கிருந்தோ ஒரு பெண்மணி தொலைபேசியில் வந்து தன்னைப் பற்றி இரண்டு சேதி சொன்னார். ஒன்று நிஜம், ஒன்று பொய். எது பொய் என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். கன்னத்தில் கை வைத்து, அந்த அம்மாளைக் குறுக்கு விசாரணை செய்து, ரொம்ப நம்பிக்கையோடு ஒன்றைச் சொன்னீர்கள். தப்பு. கெல்லி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! உங்களை விட்டுவிட்டுத் தொலைபேசியில் இருந்த அந்த முகம் தெரியாத பெண்மணியோடு சேர்ந்துகொண்டார். பக்கத்து நாற்காலியில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த கிழவர்கூடச் சிரித்தார். அந்த இரண்டு நிமிடம் நாங்கள் உள்ளே இருந்தோம். நீங்கள் வெளியே.

அதனால் தினமும் போடுகிறேன், அந்தக் கட்டம் வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன். ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. மாதத்துக்கு ஒரு நாள் லீவு போடுங்கள். காய்ச்சல் என்று சொல்லுங்கள், ஊருக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் இடத்தில் யாரை உட்கார வைத்தாலும் எனக்குச் சம்மதம், கூச்சப்படத் தெரிந்தவராக இருந்தால் போதும். கெல்லி உங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று நான் மூச்சுவிட மாட்டேன்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு ஏழாம் சேனல்காரி