உரிமம் தேவையில்லை என்று சொல்லி விற்கப்பட்ட ஏர் ரைஃபிள் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பெயரும் முகவரியும் தங்கள் விலைப்பட்டியலில் உள்ளபடி),
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

நாள்: 04.08.2025

பொருள்: வரம்பு மீறிய ஆற்றலுள்ள ஏர் ரைஃபிளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தருதல், நன்கொடைக் குலுக்கலின் முடிவைத் தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த 14.06.2025 அன்று தங்கள் விற்பனையகத்தில் 68,500 ரூபாய் செலுத்தி, .177 அங்குலக் குழலும் காற்று சிலிண்டரும் கொண்ட ஏர் ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். பிளஸ் டூ படிக்கும் என் மகள் 10 மீட்டர் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பயிற்சி எடுக்கத் தொடங்கியிருக்கிறாள், அவளுக்காகத்தான் வாங்குகிறேன் என்பதை விற்பனையாளரிடம் முதலிலேயே சொன்னேன். பெட்டியின் மேல் "உரிமம் தேவையில்லை" என்று பச்சை நிறத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. விலைப்பட்டியலிலும் அதே சொற்கள் அச்சாகியுள்ளன. ஆதார் நகலையும் புகைப்படத்தையும் வாங்கி, பதிவேட்டில் கையொப்பமும் பெற்ற பிறகே பெட்டியைக் கொடுத்ததால், எல்லாம் சட்டப்படி நடப்பதாகவே நம்பினேன். "ஐம்பது மீட்டரில் பலகையைத் துளைக்கும் சார்" என்று அவர் பெருமையாகச் சொன்னபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். பதினொரு ஆண்டுகளாகத் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவன் அதைக் காதில் வாங்காமல் விட்டது என் தவறுதான்.

29.06.2025 ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மன்றத்தின் 10 மீட்டர் தளத்தில் முதன்முறையாக அதைச் சுட்டுப் பார்த்தேன். வழக்கமாக இலக்குத் தாளைத் துளைத்துப் பின்னாலுள்ள இரும்புத் தகட்டில் மோதும் ஈயக் குண்டு, நாணயம்போலத் தட்டையாகி இலக்குப் பெட்டிக்குள் விழும். அன்று நான்கு குண்டுகள் சுட்ட பின் பெட்டியைத் திறந்து பார்த்தால் தட்டையான குண்டு ஒன்றுகூட இல்லை. ஈயம் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடந்தது, தகட்டில் விரல்நுனி பதியும் அளவுக்குக் குழிகள் விழுந்திருந்தன. மகளின் கையில் துப்பாக்கியைக் கொடுக்காமல், மன்றத்திலுள்ள வேகமானியை வரவழைத்துப் பயிற்றுநர் முன்னிலையில் பத்து முறை சுட்டு அளந்தோம். 0.53 கிராம் குண்டின் சராசரி வேகம் விநாடிக்கு 291 மீட்டர்; அதாவது குழல்முனை ஆற்றல் (குழலை விட்டு வெளியேறும்போது குண்டுக்கு உள்ள ஆற்றல்) 22 ஜூலுக்கு மேல்.

2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல்முனை ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ, குழலின் விட்டம் .177 அங்குலத்தை மிஞ்சினாலோ அந்த ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழலின் அளவு சரியாக இருக்கிறது என்ற ஒன்றையே காட்டி, ஆற்றலைப் பற்றி வாய் திறக்காமல் விற்றிருக்கிறீர்கள். உரிமமின்றி அதை வைத்திருப்பவர் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வழக்கைச் சந்திக்க நேரும். பள்ளிப் பையோடு அதையும் தூக்கிக்கொண்டு பேருந்தில் போகவிருந்தவள் என் மகள்.

இத்தனைக்கும் அவளுக்கு அந்த வேகம் தேவையே இல்லை. 2008 இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டியில், பத்துப் புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். அதைத் தொடப் போட்டித் துப்பாக்கிகள் விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில்தான் சுடுகின்றன. ஆற்றல் 8 ஜூலைக்கூட எட்டாது. ஆட்டத்துக்கு வேண்டியது ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் செல்வதும், சுடும் விசை (டிரிகர்) மிருதுவாக விடுபடுவதும்தான். பலகையைத் துளைப்பதைப் பெருமையாகப் பேசி விற்பவர்கள் இந்த விளையாட்டையே அறியாதவர்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

இரண்டு மின்னஞ்சல்களுக்குப் பிறகு 16.07.2025 அன்று வந்த தங்கள் பதில், "ரெகுலேட்டரை நீங்களே குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. சிலிண்டரிலிருந்து வரும் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகமான ரெகுலேட்டரைத் திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்று தங்கள் உத்தரவாத அட்டையின் மூன்றாம் பத்தியே சொல்கிறது. மேலும், திருகிக் குறைத்ததை மீண்டும் திருகிக் கூட்டவும் முடியும் என்பதால், விற்கும்போதே வரம்பைத் தாண்டியிருந்த பொருளை வாங்கியவரே சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது எந்த விதத்திலும் பதில் ஆகாது.

இன்னொன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். பணம் கட்டும்போது, அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சிக் கருவிகள் வாங்கித் தருவதற்கென்று சொல்லி 500 ரூபாய்க்கு ஒரு கூப்பனை என்னிடம் விற்றார்கள். 15.07.2025 அன்று குலுக்கல், முதல் பரிசு இறக்குமதி செய்த போட்டி ரைஃபிள் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. நல்ல காரியம் என்றுதான் வாங்கினேன். குலுக்கல் நடந்ததா, யாருக்குப் பரிசு விழுந்தது, திரண்ட பணம் எந்தப் பள்ளிக்குப் போனது என்று இதுவரை எந்தத் தகவலும் இல்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, அமெரிக்காவில் இதெல்லாம் சகஜம் என்றார் தங்கள் ஊழியர். அங்கே நற்பணிக்காகத் துப்பாக்கிக் குலுக்கல் நடப்பது உண்மைதான். ஆனால் உரிமம் பெற்ற வியாபாரி வழியாகப் பரிசைப் பெறுபவர் 4473 ஆம் எண் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையையும் கடந்தாக வேண்டும். இங்கே தமிழ்நாட்டிலோ 2003 முதல் லாட்டரிக்கே தடை இருக்கிறது. விற்பனையைப் பெருக்கக் குலுக்கல் நடத்துவதையும், அதன் முடிவைப் பங்கேற்றவர்களிடமிருந்து மறைப்பதையும் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் சேர்த்திருக்கிறது.

ஏர் ரைஃபிளை ஜூன் 29 முதல் பூட்டி வைத்துள்ளேன். வழக்கறிஞரின் அறிவுரைப்படி எங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும் நடந்ததை எழுத்துமூலம் தெரிவித்துவிட்டேன். ஆகவே அதை நான் கூரியரில் அனுப்புவதற்கில்லை. தாங்களே ஆள் அனுப்பி, காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, எழுத்துப்பூர்வ ஒப்புகை கொடுத்து எடுத்துச் செல்ல வேண்டும். கூப்பன் தொகை உட்பட 69,000 ரூபாயையும் திருப்பித் தருவதோடு, குலுக்கலின் வரவு செலவுக் கணக்கையும் அனுப்பிவைக்க வேண்டும். இதே மாடலை வாங்கிய மற்றவர்கள் அனைவரும் தங்கள் பதிவேட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த விவரத்தைச் சொல்ல வேண்டும், முக்கியமாக அந்தப் பச்சைத் தாளை நம்பி வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இவற்றைச் செய்யாவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையீடு செய்வேன்.

விலைப்பட்டியல், பெட்டியின் புகைப்படம், பயிற்றுநர் கையொப்பமிட்ட வேக அளவீட்டுத் தாள், கூப்பன் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)