மாத்திரையை நிறுத்தாதே

அன்புள்ள முருகேசா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சந்தோஷம், பிறகு கோபம். பேரனோ பேத்தியோ வரப்போகிற நேரத்தில், "ஹெபடைட்டிஸ் பி-க்கு எடுத்த வைரல் லோடு டெஸ்டில் வைரஸே தெரியவில்லை என்று வந்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை?" என்று எழுதுகிறாயே!

அந்த ரிப்போர்ட் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ், கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் மரபுப்பொருளை வளையமாக்கிப் பதுக்கி வைத்துக்கொள்ளும். நீ சாப்பிடுகிற என்டெகாவிர் அந்த வளையத்தைத் தொடுவதில்லை. அதிலிருந்து புது வைரஸ்கள் பெருகுவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் மறுபடி கிளம்பும். சிலருக்குக் கல்லீரலே செயலிழந்து உயிருக்கு ஆபத்தாகும். மருத்துவரே பார்த்து நிறுத்தும் நோயாளிகளும் உண்டு, ஆனால் கல்லீரல் இறுகத் தொடங்கிவிட்டதாக ஸ்கேனில் கண்ட நீ அந்தக் கணக்கில் வரமாட்டாய்.

மருந்து கவுன்டரில் நின்ற காலத்தில் பார்த்திருக்கிறேன். முதலில் இன்டர்ஃபெரான் ஊசி. போட்டால் காய்ச்சலும் உடம்புவலியும். 1998இல் லாமிவுடின் வந்தபோது, தினம் ஒரு மாத்திரை போதுமென்று எல்லோருக்கும் நிம்மதி. ஐந்தாண்டுக்குள் நூற்றுக்கு எழுபது பேரிடம் வைரஸ் அதை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது. 2005இல் வந்த என்டெகாவிரை முதல் மருந்தாக எடுப்பவர்களிடம் அதே ஐந்தாண்டில் அப்படி ஆவது சுமார் 1 சதவீதம்தான். அப்பேர்ப்பட்ட மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடாதே. இரவில் பாலோடு விழுங்குவதையும் விடு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் போடு. அதன் பிறகும் இரண்டு மணி நேரம் எதுவும் கூடாது.

உன் மைத்துனர் அரைத்துத் தரும் கீழாநெல்லியை நான் கேலி செய்யவில்லை. இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற புளும்பெர்க்கே சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து அதைச் சோதித்தார். 1988இல் வந்த முடிவு பிரமாதமாக இருந்தது: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. பிறகு மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மாத்திரைக்குப் பதிலாக அதை நம்பாதே.

மகளுக்கு ஏழாம் மாதம் என்கிறாய். கர்ப்பகால ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி பார்த்திருப்பார்கள். சீட்டை எடுத்துப் பார், இல்லாவிட்டால் இந்த வாரமே செய்துவிடு. அவளுக்கும் இருந்து, வைரஸ் அளவு அதிகமென்றால், 28ஆம் வாரத்திலிருந்து டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுப்பார்கள். குழந்தைக்கு எப்படியும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி. உன் மனைவிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்து, இல்லையென்றால் தடுப்பூசி போட்டுவிடு.

அதற்காக உனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவதெல்லாம் வேண்டாம். சாப்பாட்டில் இது தொற்றாது. ஷேவிங் பிளேடையும் பல் துலக்கும் பிரஷையும் மட்டும் தனியாக வைத்துக்கொள்.

செலவுதான் காரணமென்றால் மறைக்காமல் எழுது. ஹெபடைட்டிஸைக் கட்டுப்படுத்த 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு சிகிச்சை மையங்களில் மருந்து இலவசம். எங்கே போக வேண்டுமென்று விசாரித்துச் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய ஸ்கேனைக் கடைசியாக எப்போது எடுத்தாய் என்பதையும் எழுது.

அன்புடன்,
சங்கரன்