கீழ்ப்பழனி மலைக் காப்பி விவசாயிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே,

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் செயற்குழு ஆறு முறை கூடியது. கவாத்துப் பயிற்சி ஒரு நாள் நடைபெற்றது. தோட்டச் சாலையைச் செப்பனிடக் கோரி மனு அளிக்கப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி பொது நாற்றங்கால். யூரியா ஊற்றினால் எந்த நாற்றும் எழுந்துவிடும், நிழலையும் யூரியாவையும் ஒப்பிடும் சோதனை எதற்கு என்று கேட்டவர்கள் இங்கு இருப்பதால், சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். பாலேஹொன்னூர் காப்பி ஆராய்ச்சி நிலையம் 2007-இல் வெளியிட்ட சந்திரகிரி என்ற அராபிகாக் காப்பி வகையின் விதையை ஜனவரியில் பாத்தியில் இட்டோம். முளை விதையைத் தலையில் சுமந்து நின்ற பருவத்தில், காட்டுமண் 6 பங்கு, தொழுவுரம் 2 பங்கு, மணல் 1 பங்கு கலந்து நிரப்பிய பைகளுக்கு மாற்றினோம். பைகளை மூன்று பந்தல்களின் கீழ் பிரித்து வைத்தோம். ஒரு பந்தலைத் தழை நெருங்க வேய்ந்தோம். ஒன்றை ஊடுவெயில் விழுமாறு வேய்ந்தோம். மூன்றாவதை ஏப்ரல் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டோம். ஒவ்வொன்றிலும் பாதிப் பைகளுக்கு மட்டும், சதுர மீட்டருக்கு 20 கிராம் யூரியாவை 4.5 லிட்டர் நீரில் கரைத்து, இரு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றினோம்.

நெருங்கிய நிழலில் நாற்று உயர்ந்தது உண்மைதான். ஆனால் கணுவிடை நீண்டு தண்டு மெலிந்தது. யூரியா பெற்றவை இன்னும் துவண்டன. ஈரம் காயாததால், தண்டின் அடி அழுகும் கழுத்தழுகல் நோயும் அங்கேதான் முதலில் தோன்றியது. வெயிலில் நின்றவை குட்டையாகி, இலை மஞ்சளித்து, பழுப்புக் கண்புள்ளி என்னும் இலைநோய் கண்டன. யூரியா அவற்றுக்குப் பச்சையைத் திருப்பித் தந்ததே தவிர, நீர் தவறிய நாட்களில் கருகாமல் காக்கவில்லை. ஊடுவெயிலில் யூரியா பெற்ற நாற்றுகளே தண்டு தடித்து, வேர் பை முழுவதும் ஓடி, நடவுக்குத் தகுதியாக நின்றன.

நீர் தவறிய அந்த நாட்களைச் சொல்லாமல் விட இயலவில்லை. முறை எழுதி ஒட்டியிருந்தும் ஏப்ரலில் தொடர்ந்து நான்கு நாள் எவரும் வரவில்லை. பந்தலைச் சிறிது சிறிதாகப் பிரித்து நாற்றை வெயிலுக்குப் பழக்கும் வேலைக்கு ஐவரே வந்தனர். நாற்று வழங்கிய அன்றோ அனைவரும் வந்திருந்தனர். வாங்கிச் சென்றவற்றைச் சிலர் நிழல் மரமே இல்லாத சரிவில் நட்டிருப்பதைக் கண்டு மனம் வருந்தினேன். வெயில் படும் அராபிகாத் தண்டைத்தான் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டு நாடும் என்பதை அறியாதவர் நம்மில் இல்லை. அவர்கள் இந்த மழைக்குள் நிழலுக்கு முள்முருங்கைப் போத்தாவது (நடுவதற்கு வெட்டிய கிளை) ஊன்ற வேண்டுகிறேன்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். இரண்டும் ஏறத்தாழச் சமமே. சந்தா நிலுவை மட்டும் குறையவில்லை. மூங்கிலுக்கும் பைகளுக்கும் கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதியை நான் கைப்பணத்திலிருந்து கொடுத்துள்ளேன். நாற்றங்காலுக்கு இடமளித்த உறுப்பினருக்கும், தொழுவுரம் தந்தவர்களுக்கும், தலைவருக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

டிசம்பர் இறுதியில் மீண்டும் விதை இட வேண்டும். நிலுவை வந்து சேர்ந்தால் தழைக்குப் பதிலாக நிழல்வலை வாங்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. நீர் ஊற்றும் முறைக்கு இருபது பெயராவது தேவை. அதற்கான தாள் பொருளாளரின் மேசைமேல், சந்தாப் புத்தகத்துக்கு அருகில் வைக்கப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
செயலாளர்