கீனோ டோர்னமென்ட்: எண்ண வேண்டியது தலைகளை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஆன்லைன் சூதாட்டக் கடன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் "சூதாட்டத்தில் கணக்குக்கு வேலையே இல்லை, எல்லாம் அதிர்ஷ்டம்" என்று அதில் ஒரு வரி இருந்தது, அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நான் தண்டையார்பேட்டையில் முப்பது வருஷமாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். கணக்குக்கு வேலை இல்லை என்று நாம் சொல்லிவிட்டால், "எங்ககிட்ட கணக்கு இருக்கு" என்று டெலிகிராமில் கடை விரிக்கிறவனிடம் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். என் கண் முன்னாலேயே ஒருவன் போனான்.

என்னிடம் பிளஸ் டூ வரை படித்தவன், இப்போது கொருக்குப்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு நோட்டும் கையுமாக வந்து நின்றான், நோட்டு முழுக்க எண்கள். செல்போன் ஆப்ல கீனோ என்று ஒரு ஆட்டம் மிஸ், பத்து ஆட்டமா 17 வரல, 42 வரல, 63 வரல, இன்னிக்கு வந்தே ஆகணும்ல என்று கேட்டான். இந்த மாதிரி "வர வேண்டிய எண்கள்" பட்டியலுக்கு வாரம் 500 ரூபாய் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

கீனோ தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1 முதல் 80 வரை எண்கள், அதில் நாம் சிலவற்றைக் குறிக்கிறோம், அவர்கள் 20 எண்களை எடுப்பார்கள், எத்தனை ஒத்துப்போகிறதோ அதற்கேற்ற பணம். சீனாவில் பிறந்த ஆட்டம் இது. அங்கிருந்து போன தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், 1931இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய பிறகு அங்கே கேசினோக்களில் குடியேறியது. 80இல் 20 என்றால் எந்த எண்ணும் வருவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே நாலில் ஒன்று. அந்தப் பையனை அங்கேயே உட்கார வைத்துக் கணக்குப் போட வைத்தேன். ஒரு எண் தொடர்ந்து பத்து ஆட்டம் வராமலிருக்க வாய்ப்பு பத்து முக்கால்களை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது, அதாவது சுமார் 5.6 சதவீதம். 80 எண்கள் இருக்கின்றன, ஆக எந்தப் பத்து ஆட்டத்தை எடுத்தாலும் சராசரியாக நாலைந்து எண்கள் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. அவன் காசு கொடுத்து வாங்கின பட்டியல் என்றைக்கும் எவரும் சும்மா தயாரிக்கக்கூடிய பட்டியல்.

இதே வாரத்தில் இன்னொரு பழைய மாணவன் நெவாடாவிலிருந்து வாட்ஸப்பில் ஒரு நோட்டீஸை அனுப்பினான். அங்கே கம்ப்யூட்டர் வேலை. ஒரு கேசினோவில் கீனோ டோர்னமென்ட், போகலாமா மிஸ் என்று கேட்டான். முதலில் போகாதே என்று எழுதத்தான் கை போனது. ஏனென்றால் சாதாரண கீனோவில் போடுகிற பணத்தில் கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரை கேசினோவுக்கே தங்கிவிடும், கேசினோ ஆட்டங்களிலேயே இவ்வளவு மோசமானது குறைவு. அப்புறம் நோட்டீஸை முழுக்கப் படித்தேன். படித்ததும் வியாசர்பாடி கேரம் டோர்னமென்ட் ஞாபகம் வந்தது.

நம் பக்கத்தில் கேரம் டோர்னமென்ட் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு நூறு, வந்தவர்கள் 64 பேர், வசூல் 6,400. ஆனால் பரிசு பத்தாயிரம் என்று பேனரில் போட்டிருக்கும், ஏனென்றால் ஏரியாவில் யாரோ ஒரு பெரிய மனிதர் மீதியைக் கொடுத்திருப்பார். அப்படிப் பார்த்தால் கட்டியதைவிட அதிகப் பணம் மேஜைக்கு வருகிறது, அது ஆடுகிறவர்களுக்குள்தான் பிரிகிறது. கேசினோவும் சில நேரம் இந்தப் பெரிய மனிதர் வேலையைச் செய்கிறது. ரூம் காலியாகக் கிடக்கிற நாட்களில் ஆட்களை வரவழைக்க, இவ்வளவு பரிசு நிச்சயம் என்று அறிவித்துவிடுகிறது.

அந்த நோட்டீஸில் இருந்ததை எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்களாக்கிச் சொல்கிறேன். நுழைவுக் கட்டணம் 100 டாலர். மொத்தம் 60 ஆட்டம், ஆட்டத்துக்கு 2 டாலர் கைக்காசு கட்டாயம், ஆக 120 டாலர், அதில் முப்பது சதவீதம் போகும் என்று வைத்தால் 36 டாலர் நஷ்டம். ஆக ஒருவருக்கு உண்மையான செலவு 136 டாலர். பரிசு மொத்தம் 12,000, எத்தனை பேர் வந்தாலும் குறையாது. 100 பேர் வந்தால் சராசரி பங்கு 120, அதாவது 16 டாலர் நஷ்டத்தில்தான் உள்ளே போகிறோம். 70 பேர்தான் வந்தார்கள் என்றால் பங்கு 171, இப்போது 35 டாலர் நம் பக்கம். 88 பேர் வரை ஆடலாம், 89ஆவது ஆள் பெயர் கொடுத்த நிமிஷத்திலிருந்து ஆடக்கூடாது. இங்கே ஆடுகிறவருக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது என்றால் அது இதுதான், இதைக் கண்டுபிடிக்க 17ஐயோ 42ஐயோ பார்க்க வேண்டாம், பெயர் கொடுக்கும் மேஜைக்கு முன்னால் நிற்கிற தலைகளை எண்ணினால் போதும். கட்டணம், கட்டாய ஆட்டம், நிச்சயப் பரிசு, இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லாமல் மறைக்கிற டோர்னமென்ட்டுக்குப் போகவே கூடாது.

இரண்டாவது அனுகூலம் ஒன்று உண்டு, கணக்கு டீச்சராக எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரண கீனோவில் எதிராளி கேசினோ, டோர்னமென்ட்டிலோ பக்கத்து நாற்காலிக்காரர். நாம் எவ்வளவு ஜெயித்தோம் என்பது முக்கியமில்லை, மற்றவர்களைவிட மேலே நிற்கிறோமா என்பதுதான் கேள்வி. பரிசில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று பேருக்கே போகிறபோது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பவர் நடுவில் தேங்கிவிடுவார், ஒரு பெரிய அடி வேண்டும். எவ்வளவு பெரியது? 70 பேர், 60 ஆட்டம், மொத்தம் 4,200 டிக்கெட். ஆறு எண் குறித்து ஆறும் வருவது 7,753இல் ஒன்று, ஆகவே எல்லோரும் ஆறு குறித்தால்கூடப் பத்து டோர்னமென்ட்டில் நாலில்தான் யாராவது ஒருவருக்கு அது விழும். எட்டுக்கு எட்டு 2,30,115இல் ஒன்று, அந்தக் கூட்டம் முழுக்கச் சேர்ந்து ஆடினாலும் ஐம்பத்தைந்து டோர்னமென்ட்டில் ஒரு தடவை. பத்துக்குப் பத்து 89,11,711இல் ஒன்று, அதைத் துரத்துகிறவர் மற்றவர்களுக்குப் பரிசை விட்டுக்கொடுக்கிறார் என்றுதான் அர்த்தம். அதனால் விதி அனுமதித்தால், முதலிடத்துக்கு எவ்வளவு ஸ்கோர் தேவைப்படும் என்று மதிப்பிட்டு, அதைத் தொட வைக்கிற மிகச் சிறிய எண்ணிக்கையைக் குறிக்க வேண்டும். கூட்டம் பெரிதானால் ஒன்று ஏற்றலாம், சிறிதானால் ஒன்று இறக்கலாம்.

வே டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு எண்களை நாலு நாலாக மூன்று கூட்டமாகப் பிரித்து, இரண்டிரண்டு கூட்டங்களைச் சேர்த்தால் எட்டு எண் பந்தயம் மூன்று கிடைக்கும். ஒரு நாலு நன்றாக விழுந்தால் இரண்டு பந்தயம் ஒன்றாக ஏறும், விழாவிட்டால் ஒன்றாக இறங்கும். வீட்டுச் செலவுக்கு இப்படி ஒரு ஏற்ற இறக்கத்தை யாரும் விரும்ப மாட்டார்கள், ஆனால் டோர்னமென்ட்டில் பின்தங்கி நிற்பவருக்கு அதுதான் வேண்டும். முன்னால் நிற்பவருக்கு நேர் எதிர். இரண்டாமிடத்துக்காரர் என்ன எண் குறித்தார் என்று பார்க்க முடிந்தால் அதையே தானும் குறித்துவிட்டால் போதும், அவர் ஏறினால் இவரும் கூடவே ஏறுவார்.

அந்த மாணவன் போனான். 63 பேர்தான் வந்திருந்தார்கள், சொன்னபடியே ஆடினான், பரிசு எதுவும் கிடைக்கவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். சராசரி பங்கு 190 டாலர் என்பது கையில் வருகிற 190 இல்லை, பெரும்பாலானவர்களுக்கு பூஜ்யமும் சிலருக்கு ஆயிரங்களும் சேர்ந்த சராசரி. அவன் எடுத்த முடிவு சரி, அன்றைய பலன் இது. திரும்பத் திரும்பப் போக வசதியும் பொறுமையும் இல்லாதவருக்கு இந்த அனுகூலம் காகிதத்தில்தான் இருக்கும்.

எண்களை வைத்தே ஜெயித்தவர் உண்டா என்று பையன்கள் கேட்பார்கள். ஒருவர் உண்டு. 1994இல் கனடாவின் மான்ட்ரியல் கேசினோவில் ஒருவர் 20இல் 19 எண்களைத் தொடர்ந்து மூன்று தடவை சரியாகச் சொல்லி ஆறு லட்சம் டாலருக்கும் மேல் வாங்கினார். அங்கிருந்த எலக்ட்ரானிக் கருவி தினமும் ஒரே தொடக்க எண்ணிலிருந்து கிளம்பி ஒரே வரிசையை உமிழ்ந்துகொண்டிருந்தது, அவர் அதைக் கவனித்தார். விசாரித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தார்கள். பழுதான கருவியைப் படித்ததால் வந்த பணம் அது, "வர வேண்டிய எண்"ணால் வந்தது இல்லை.

சரி, நம்ம பையனின் ஆப்புக்கு வருகிறேன். அதிலும் "டோர்னமென்ட்" என்று ஒன்று இருந்தது. அண்ணனுக்கு அமெரிக்காவில் சரி என்றால் எனக்கு இங்கே ஏன் சரியில்லை என்று நியாயமாகவே கேட்டான். திறந்து பார்த்தோம். வாரத்தில் யார் அதிகப் பணம் கட்டி ஆடுகிறாரோ அவருக்கு 5,000 ரூபாய் பரிசு. போன வாரம் முதலில் வந்தவர் கட்டியிருந்தது 38,000. ஒரு எண்ணுக்கு மூன்று மடங்கு என்று பரிசுப் பட்டியலில் இருந்தது, நாலில் ஒன்று வாய்ப்புக்கு மூன்று மடங்கு என்றால் நூற்றுக்கு 25 அவர்களுக்கு. 38,000இல் கால் பங்கு 9,500. ஐயாயிரம் பரிசு வாங்க ஒன்பதாயிரத்து ஐந்நூறு. எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று எங்கும் போடவில்லை, எண்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்றும் போடவில்லை, பணம் வராவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்பதும் கிடையாது. தலைகளை எண்ண முடியாத இடத்தில் நான் மேலே சொன்ன எந்தக் கணக்கும் ஓடாது. நோட்டில் 9,500 என்று எழுதியவன் அதன் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. லாட்டரியை 2003இலேயே தமிழ்நாட்டில் தடை செய்தார்கள், ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2022இல் சட்டம் வந்தது, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025இல் நாடாளுமன்றமே தடைச் சட்டம் போட்டது. அப்படியும் மூணு நம்பர் லாட்டரி எழுதுகிறவனும் இந்த ஆப்களும் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். போலீஸ் அவர்கள் வேலையைப் பார்க்கட்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இனி இப்படிச் செய்தி போடும்போது பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக இந்தக் கணக்கைப் போடுங்கள்: நூறு ரூபாய் கட்டினால் சராசரியாக எவ்வளவு திரும்பும், எத்தனை பேர் ஆடுகிறார்கள், பரிசு யார் பணம். பதினோராம் வகுப்பில் வருகிற சேர்மானக் கணக்குதான், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். உங்களுக்கு நேரமில்லை என்றால் நானே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கையால் போட்டு அனுப்புகிறேன், அந்தப் பையன் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81