போதையில் சிக்கிய பிள்ளையை மறைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திரை நடிகர்களின் போதைப்பழக்கம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியாகும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கைது, சோதனை, ஜாமீன் என்பவற்றோடு அவை நின்றுவிடுகின்றன. வீட்டார் என்ன செய்தார்கள் என்பது எழுதப்படுவதில்லை. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் வாழும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் அறிய வேண்டியது அதுதான்.

நடிகர் சஞ்சய் தத்தின் தாயார் நர்கிஸ் 1981 மே 3 அன்று புற்றுநோயால் மறைந்தபோது, மகன் கதாநாயகனாக நடித்த முதல் படம் வெளிவரச் சில நாள்களே இருந்தன. அந்த நாள்களில் போதைக்கு அடிமையாகியிருந்த அவர், பின்னர் கண்ணாடியில் தம் முகத்தைக் கண்டு அஞ்சி, தந்தை சுனில் தத்திடம் தாமே சென்று உதவி கேட்டதாகப் பேட்டிகளில் கூறியிருக்கிறார். நாடறிந்த நடிகரான அந்தத் தந்தை, பெயர் கெட்டுவிடுமே என்று மகனை ஒளித்து வைக்காமல், அமெரிக்காவில் சிகிச்சை பெறச் செய்தார். அமெரிக்கா செல்ல வசதி வேண்டும் என்பது உண்மைதான். பிள்ளை வந்து கேட்கக்கூடிய தந்தையாக இருக்க வசதி தேவையில்லை.

இங்கே எனக்குத் தெரிந்த ஒரு தாய், கூலிப் பணத்தை மகன் கண்ணில் படாமல் அரிசிக்குள் புதைத்து வைக்கிறார். மகன் போதைப்பொருளைச் சூடாக்கிப் புகைத்துவிட்டு மொட்டை மாடியில் போட்டுவிடும் கருகிய அலுமினியத் தாள் துண்டுகளை, அக்கம்பக்கத்தார் எழுமுன் பொறுக்கி எடுத்துவிடுகிறார். வெளியே தெரிந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும், மகளுக்கு வரன் அமையாது என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகவோ, சிறிதளவு வைத்திருந்ததாகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவ மையத்தில் சிகிச்சை பெற்றால், அவர் மீதான குற்ற நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்த விலக்குத் திரும்பப் பெறப்படலாம். கேரள கலால் துறையின் 'விமுக்தி' என்ற போதை ஒழிப்புத் திட்டத்தில் ஆலோசனை பெற 14405 என்ற கட்டணமில்லா எண்ணும் உள்ளது. இவற்றை அந்தத் தாய் அறிந்திருக்கவில்லை.

நடிகர்கள் பற்றிய இத்தகைய செய்திகளின் கீழ் இவ்விவரங்களையும் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன். சந்தையில் மலையாளம் பேசிச் சமாளிக்கும் எங்கள் பெண்களுக்கு, மகனின் நிலையை மனம்விட்டுச் சொல்லத் தமிழ்தான் வரும். ஆகவே எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழறிந்த ஆலோசகர்களைக் கேரள அரசு அமர்த்த வேண்டும் என்பதையும் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.