கரமடி இழுக்கும் மணலை வரைபடத்தில் குறியுங்கள்

கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்துக்கு வரைபடம் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், மூன்று தலைமுறையாகக் கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை, வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். பாட்டா காலத்துப் பருத்தி வலை போய் நைலான் வந்துவிட்டது, வள்ளமும் மாறிவிட்டது. வலை இழுக்கிற மணல் மட்டும் மாறவில்லை. அந்த மணலை வரைபடத்தில் தேடினால் வெறும் கடற்கரையாகத்தான் கிடக்கிறது.

கரமடிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது மேசையில் உட்கார்ந்து பார்த்தால் பிடிபடாது. கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டபடியே வந்து, மறு நுனியை வெகுதூரம் தள்ளிக் கரை சேர்க்கும். அப்புறம் இரண்டு பக்கமும் இழுப்பு. குதிகாலை மணலில் ஊன்றிப் பின்பக்கமாகவே நடப்பார்கள். கடைசியில் நிற்பவர் மேட்டுக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு, அலைவாய்க்கு ஓடி முன்னால் போய்ப் பிடிப்பார். மேட்டில் ஒருவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பார். இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் நெருங்கி வரும், நெத்தலியோ சாளையோ வலையின் பையான மடியோடு கரையேறும். ஆகவே கரையோரம் நீளமும் வேண்டும், மேட்டுப் பக்கம் அகலமும் வேண்டும். நடுவில் ஒரு கட்டடமோ கல்வரிசையோ வந்தால் அந்த இடத்தில் தொழில் முடிந்தது.

இந்த மணலுக்கு எங்களிடம் பட்டா கிடையாது. யார் வலை முதலில், யார் அடுத்து என்கிற முறையை ஊர்தான் வைத்திருக்கிறது. அப்பாவிடமிருந்து எங்களுக்கு வந்த சொத்து என்றால் வலையை விட அந்த முறைதான். இடம் போனால் முறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நாங்கள் புதிதாக எதுவும் கேட்கவில்லை. மீனவர்களின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொல்கிறது. 2019இல் புது அறிவிக்கை வந்து, பல இடங்களில் கட்டுமானத்துக்கான தடை எல்லை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கிவிட்டது. குறிக்காத இடம் முன்பை விடச் சீக்கிரம் கைமாறும்.

கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல்வரிசையான தூண்டில் வளைவு கேட்டுப் போராடியவர்களும் எங்கள் ஆட்கள்தான். வீட்டுச் சுவரில் அலை அடிக்கிறவர்களிடம் கல் போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கல் விழுந்த கரையில் கரமடி இழுக்க முடியாது, வலை கிழிந்துவிடும். எந்தக் கரையில் கரமடி உண்டு என்பது முன்பே வரைபடத்தில் இருந்தால், கல் போடுமுன் ஊரைக் கூப்பிட்டுப் பேசவாவது வழி இருக்கும்.

கரமடியில் குஞ்சு மீனும் வருகிறதே என்று கேட்பீர்கள். சரி, வலைக்கண் சிறுத்துப்போனது உண்மைதான். அதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், பதில் சொல்கிறோம்.

நேரில் வந்து அளந்து பாருங்கள். ஆனி, ஆடியில் வராதீர்கள். கடல் ஏறி மணலே இருக்காது, இங்கே கடற்கரையே இல்லை என்று எழுதிவிடுவீர்கள். மழைக்காலம் கழிந்து மணல் திரும்பிய பிறகு, விடியற்காலையில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று எங்கள் ஊரில் யாரும் வலை போடுவதில்லை.

இப்படிக்கு,
ஒரு கரமடிக் குடும்பத்தின் பிள்ளை