தனியார் மகப்பேறு மருத்துவர்களுக்கு: சிபிலிஸுக்கான பெனிசிலின் ஊசியை நீங்களே போடுங்கள்

மதிப்புக்குரிய டாக்டர்களே,

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறதா என்று அறியக் கர்ப்பிணிகளுக்கு வி.டி.ஆர்.எல். என்ற ரத்தப் பரிசோதனை பார்த்து, நோய்க்கான தடயம் இருந்தால் 'ரியாக்டிவ்' என்று எழுதித் தருவதோடு என் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஐந்தாம் மாதத்தில் வந்த ஒரு பெண்ணுக்கு டைட்டர், அதாவது ரத்தத்தை எவ்வளவு நீர்த்தாலும் ரியாக்டிவ் காட்டுகிறது என்ற அளவு, 1:32. அதை உறுதிசெய்யும் டி.பி.எச்.ஏ. பரிசோதனையும் பாசிட்டிவ், ஆகவே சிபிலிஸ்தான். அவருடைய டாக்டர், "பெனிசிலின் அலர்ஜி ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்று, ஊசிக்குப் பதில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்பதாம் மாதம் அவருடைய ரத்தம் மறுபடி பரிசோதனைக்கு வந்தது. அதே 1:32.

உங்களுக்குத் தெரியாததா? அந்த மாத்திரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போதிய அளவு போவதில்லை. பல நாடுகளில் கிருமி அதற்குப் பழகியும்விட்டது. பெனிசிலினோ 1943 முதல் இந்த நோய்க்குக் கைகொடுத்து வருகிறது. கிருமி ஒன்று இரண்டாகவே ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், மருந்தும் நாள்கணக்கில் ரத்தத்தில் நிற்க வேண்டும். பென்சத்தின் பெனிசிலின் தசையிலிருந்து மெல்லக் கசிவது அதற்குத்தான். 24 லட்சம் யூனிட், இரண்டு பிட்டத்திலும் பாதிப் பாதி. எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று தவணை.

இதயத்தைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு இதே ஊசியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வருடக்கணக்கில் போடுகிறார்கள். அங்கே இல்லாத பயம் இங்கே மட்டும் ஏன்? பயமா, கூச்சமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சரி, முதலில் கொஞ்சமாக டெஸ்ட் டோஸ் போட்டுப் பாருங்கள், அலர்ஜி வந்தால் கொடுக்க அட்ரினலினைப் பக்கத்தில் வையுங்கள், அரை மணி நேரம் உட்கார வையுங்கள். உண்மையிலேயே அலர்ஜி என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அங்கே துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்கிவிட்டு அதே பெனிசிலினைப் போடுவார்கள். ஊசி போட்ட அன்றிரவு காய்ச்சல் வரலாம். அது செத்த கிருமி கிளப்பும் காய்ச்சல், அலர்ஜி இல்லை. வயிறு வலித்தால் உடனே வரச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்கு 30 நாளாவது முன்பே சிகிச்சை தொடங்கினால்தான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. அந்தப் பெண்ணுக்கு ஊசி போட்ட ஏழாம் நாள் பிரசவம். பிறந்த பிள்ளைக்குப் பத்து நாள் பெனிசிலின் ஏற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்று, ரிப்போர்ட்டை மாமியார் கையில் கொடுக்காதீர்கள். இந்த நோயில் முதலில் வரும் புண் வலிக்காது, தானாக ஆறிவிடும். யாருக்கு முதலில் வந்தது என்று அந்த வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பழி அவள் மேல்தான் விழும். கணவரை நீங்களே கூப்பிட்டுப் பேசி, அவருக்கும் ஊசி போடுங்கள்.

நான் சொன்ன பெண்ணின் கணவர் கடைசிவரை ரத்தம் கொடுக்க வரவில்லை. யாருமே அவரை வரச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர் ஒருவர்